காவலுக்கு ஒரு சாய்கோடு

திருகோணமலைச் சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன. அவற்றின் பதிவேட்டில் ‘தாங்கி_1’ என்று தேடுவதாக வையுங்கள். தரவுத்தளத்தின் ‘லைக்’ கட்டளைக்கு அடிக்கோடு வெறும் கோடல்ல, ஏதாவது ஓர் எழுத்து. ‘தாங்கி11’, ‘தாங்கி21’ முதல் ‘தாங்கி91’ வரை அழைக்காமலே வந்து நிற்கும். சதவீதக் குறி இன்னும் பேராசைக்காரன். எத்தனை எழுத்தையும் விழுங்கும்.

முன்னால் ஒரு பின்சாய்கோடு போடுங்கள், அடிக்கோடு அடிக்கோடாகவே அடங்கிவிடும். போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய தரவுத்தளங்கள் சொல்லாமலே புரிந்துகொள்ளும். ஆரக்கிளிடம் ‘எஸ்கேப்’ என்று சொல்லியாக வேண்டும். ஆனால் அங்கே காவலாளியை நாமே தேர்ந்தெடுக்கலாம். எனக்குப் பிடித்தது ஆச்சரியக்குறி.

பின்சாய்கோட்டையே தேடவேண்டுமென்றால்? மைஎஸ்கியூஎல்லில் அது நான்காகப் பெருகும். அதை மட்டும் என்னால் ரசிக்க முடிந்ததில்லை.