விரல்நுனிச் சாரல்

தென்காசிக் கோயிலைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் கோபுரத்துக்கு முன்னால் காற்றைத்தான் சொல்வார்கள். ராஜகோபுர வாசலில் கால் வைத்ததும் பொதிகைக் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். தாண்டினால் முதுகுப் பக்கமிருந்து உந்தி உள்ளே அனுப்பும். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் வாசலைக் கடந்தது உடம்புக்குத் தெரிந்துவிடும்.

ஐபோனில் அலாரம் வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காற்று ஞாபகம் வரும். நிமிடச் சக்கரத்தை மெல்ல உருட்டிப் பாருங்கள். எண்ணுக்கு எண் விரலடியில் ஒரு 'டிக்'. உள்ளே பல்சக்கரம் சுற்றுகிறது என்றே விரல் நம்பிவிடும். தொடுவதென்னவோ வழவழக் கண்ணாடி. அடியில் ஒரு சின்ன எடை நேர்கோட்டில் போய்வந்து சட்டென்று நிற்கிறது, அவ்வளவே. பழைய போன்களில் மோட்டாரின் அச்சில் ஒருபக்கம் கனத்த எடை சுற்றும். வேகம் பிடிக்கவும் அடங்கவும் அதற்கு நேரமாகும். அதனால் வருவது 'ட்ர்ர்ர்'. மேசைமேல் வண்டு மாதிரி ஊர்ந்து போகுமே, அந்தச் சாதி.

2019இல் செயலி எழுதுபவர்களுக்காக ஆப்பிள் கொண்டுவந்த கோர் ஹாப்டிக்ஸில் ஓர் அதிர்வுக்கு வலிமை தனி, கூர்மை தனி. இரண்டும் ஒன்றுதானே என்பவர் குற்றாலத்தில் குளித்திருக்க மாட்டார். பேரருவி உச்சியிலிருந்து நேரே தலையில் விழுவதில்லை. நடுவே பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி வழிந்துதான் நம்மிடம் வருகிறது. தோளில் கனம் இறங்கும், குத்தாது. வலிமை மிகுதி, கூர்மை குறைவு. சீசன் சாரல் நேர்மாறு: எடையே கிடையாது, ஆனால் கன்னத்தில் துளித்துளியாக எண்ணலாம். அலாரச் சக்கரத்தின் 'டிக்' சாரல் வகை. அதற்குப் பேரருவியின் கனத்தைக் கொடுத்திருந்தால் ஏழரை மணிக்கு அலாரம் வைப்பதற்குள் கை மரத்துப் போயிருக்கும்.

தொட்டதற்கெல்லாம் அதிரும் செயலிகளும் இருக்கின்றன. அருவிக்கரையில் பின்னால் நிற்பவர் 'நகருங்க, நகருங்க' என்று தோளைத் தட்டிக்கொண்டே இருப்பதுபோல. பத்தாவது தட்டை யார் கவனிக்கிறார்கள்?

அருவியில் எடுத்த படம் சாய்ந்திருந்தது. அதே போனில் திருத்தக் கோணச் சக்கரத்தை நகர்த்தினேன். சுழியத்தைத் தொட்டபோது மட்டும் ஒரு மெல்லிய தட்டு. கண் இன்னும் பாறை விளிம்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. விரல் அதற்குள் நின்றுவிட்டது.