நோக்கமும் பிணையும்: வேலூர்ச் சிறைவாசி ஒருவரின் வழக்கு

ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் தொழிலாளரும் வணிகரும் வேலூருக்கு வரும்போதெல்லாம் கோட்டையைக் காண்கின்றனர். அந்நகரின் தொரப்பாடியில் உள்ள மத்திய சிறையோ அத்தனை பேரின் கண்ணில் படுவதில்லை. அங்கே மதிமுக பொதுச்செயலாளர் வைகோ பத்தொன்பது மாதங்கள் அடைபட்டிருந்தார். அச்சிறைவாசத்தைப் பற்றி அரசியல் மேடைகள் நிறையவே பேசிவிட்டன. அவர் தரப்பின் சட்ட வாதம் எதை வென்றது, எதை வெல்லாமல் விட்டது என்பதையே நாம் இங்கு ஆராய்கிறோம்.

பொடா சட்டம் 2002 மார்ச் 26 அன்று நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் 425க்கு 296 என்ற வாக்குகளில் நிறைவேறியது. ஆளும் கூட்டணியில் இருந்த மதிமுகவும் அதை ஆதரித்தது. ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் வைகோ விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். ஜூலை 11 அன்று சென்னை விமான நிலையத்தில் கைதானார். தடை செய்யப்பட்ட இயக்கத்துக்கு ஆதரவு திரட்டுவோருக்குப் பத்தாண்டுவரை சிறை விதிக்கும் 21ஆம் பிரிவு அவர்மீது பாய்ந்தது. தாம் ஆதரித்த சட்டமே ஒருவரைச் சிறையில் தள்ளியதை எள்ளி நகையாடுவது எளிது. அதனால் அச்சட்டத்தின் அநீதி குறைந்துவிடாது.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பர் 16 அன்று தீர்ப்பளித்தது. சட்டம் செல்லும் என்றது. ஆனால் பயங்கரவாதச் செயலை வளர்க்கும் நோக்கமின்றி அனுதாபமோ ஆதரவோ தெரிவிப்பது மட்டுமே குற்றமாகாது என்றும் வரையறுத்தது. நிய்யத்தின் இடத்தை ஃபிக்ஹு நூல்களில் பயின்ற நம் வாசகர்க்கு இவ்வரையறையின் அருமை சொல்லாமலே விளங்கும்.

எனினும் தீர்ப்பு வந்த அன்றே சிறைக்கதவு திறந்துவிடவில்லை. பிணை கோருவதில்லை என்று நெடுங்காலம் உறுதியாய் இருந்த வைகோ, 2004 பிப்ரவரியில்தான் பிணையில் வெளிவந்தார். அவ்வாண்டிலேயே பொடா நீக்கப்பட்டது. அதன் ஆதரவுப் பிரிவு சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் 39ஆம் பிரிவாய் மறுபிறவி எடுத்தது. 'நோக்கம்' என்ற சொல் இம்முறை சட்டத்தின் வாசகத்திலேயே இடம்பெற்றது. வாதத்தின் வெற்றி அதுவே.

தோல்வி வேறு வாசலில் வந்தது. குற்றச்சாட்டு முதல்நோக்கில் உண்மையெனத் தோன்றினாலே பிணை இல்லை என்று 2008ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. அரசுத் தரப்பின் ஆவணங்களை அந்நிலையில் ஆழ்ந்து ஆராய வேண்டியதில்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசாரணை முடிவின்றி நீளுமானால் பிணை தரலாம் என 2021இல் அதே நீதிமன்றம் சற்றே வழிவிட்டது. ஆக, நோக்கம் இருந்ததென்று அரசு மெய்ப்பிக்க வேண்டிய நாள் வருவதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பிணை கேளாமலிருப்பதை அறப்போராக்க முடிந்தது. ஆம்பூரில் தோல் பதனிட்டு நாட்கூலி பெறுபவர் அதே குற்றச்சாட்டில் சிறைப்பட்டால் அவர் வீட்டு அடுப்பு என்னாவது? இக்கேள்விக்கு அந்த வெற்றியில் விடையில்லை. பிணை விதியை மாற்றும் பொறுப்பு, அதற்கு வாக்களித்த அவைக்கே உரியது.