தமிழுக்கு ஒரு 'டிக்'

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி உங்களுக்கு ஞாபகமிருக்கும். அந்தப் பச்சைப் புல்வெளி! அதில் தமிழ் இருந்தது, தூங்கிக்கொண்டிருந்தது. கண்ட்ரோல் பேனலில் 'ரீஜனல் அண்ட் லாங்வேஜ் ஆப்ஷன்ஸ்' போய், 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' கட்டத்தில் டிக் அடித்தால், 'சிடியைப் போடு' என்று கேட்கும். கடைக்காரர் சிடி கொடுத்திருந்தால் உங்கள் பாக்கியம். இல்லையென்றால் கொம்பும் காலும் இடம்மாறின தமிழ்தான்.

'என்லைட்' என்ற இலவச மென்பொருள் இதற்கு வைத்தியம். ஒரிஜினல் சிடியை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, சர்வீஸ் பேக், சாட்டா டிரைவர் எல்லாம் சேர்த்து, மொழிப் பட்டியலில் 'இண்டிக்'கைத் தேர்ந்தெடுத்து, பூட் ஆகும் புது சிடியாக எரித்துவிடலாம். எக்ஸ்பி ஏறும்போதே தமிழும் விழித்துக்கொள்ளும். (லைசென்ஸ் எண் உங்களுடையதாக இருக்கட்டும்!)

குறை? இஷ்டத்துக்கு வெட்ட விடுகிறது. 'இது எதுக்கு?' என்று கைவைத்தால், அப்புறம் பிரிண்டர் மக்கர் பண்ணும்.

விஸ்டாவில்தான் அந்த டிக் ஒழிந்தது. 2014 ஏப்ரல் 8-ல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியைக் கைகழுவியது. பழைய மெஷினில் ஆசைக்குப் போட்டுப் பாருங்கள், இன்டர்நெட் பக்கம் மட்டும் விடாதீர்கள்.

கோடிக்கணக்கானவர்கள் பேசும் மொழியை ஆப்ஷனில் ஒளித்துவைத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. சிடி எரித்தவர்களுக்கு நன்றி.