ஒண்ணும் எட்டும் ஒன்பது!

இவான் சமோரானோ! அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு நாற்காலியில உட்கார முடியாது. சிலி நாட்டுக் கால்பந்து வீரர், மனுஷன் 2003-லேயே ஆடுறதை நிறுத்தியாச்சு. நான்தான் இன்னும் ரசிக்கிறதை நிறுத்தல.

ஆறடிகூட இல்லாத ஆளுங்க! பக்கத்துல நிக்கிற தடுப்பாட்டக்காரங்க எல்லாம் பனைமரம் கணக்கா இருப்பாங்க. பந்து மேல வரும், எல்லாரும் எம்புவாங்க, எல்லாரும் இறங்கிடுவாங்க, இவர் மட்டும் இன்னும் மேலேயே இருப்பார்! அப்புறம் கழுத்தை ஒரு வெட்டு வெட்டுவார் பாருங்க, பந்து வலைக்குள்ள. அடகாமா பாலைவனத்துச் செப்புச் சுரங்க ஊர்ல, கோப்ரெசால் அணிக்கு ஆடி வளர்ந்த கால்கள் அது.

இப்ப கண்ணை மூடிட்டு இதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. 1995 ஜனவரி 7, மாட்ரிட், பெர்னபேவ் மைதானம், எதிர்ல பார்சிலோனா. முந்தின வருஷம் இதே ஜனவரியில பார்சிலோனா அஞ்சு கோல் போட்டு ரியல் மாட்ரிட் மானத்தை வாங்கியிருந்தது. சீசன் தொடங்கும்போது புதுப் பயிற்சியாளர் வால்டானோவோட கணக்குல, ரியல் மாட்ரிட்ல ஆடிட்டிருந்த நம்மாளுக்கு இடமே இல்ல. அப்படிப்பட்டவர் அன்னைக்கு அஞ்சாவது நிமிஷத்துல ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு, இடைவேளைக்கு முன்னாடி மூணாவது! கடைசியில 5-0, வாங்கினதை அப்படியே திருப்பிக் கொடுத்தாச்சு! அந்தப் பழைய வீடியோவை எத்தனை தடவை பார்த்தாலும், முடிவு தெரிஞ்சிருந்தும், மூணாவது கோலுக்கு நான் கத்துற கத்துல வீட்ல திட்டு விழும். அந்த சீசன்ல 28 கோல், ஸ்பெயின்லேயே அதிகம். டெபோர்டிவோ அணிக்கு எதிரா லீக் பட்டத்தை உறுதி பண்ணின கோலும் இவரோடதுதான்!

98 உலகக் கோப்பையில ஒரு கோல்கூட இல்லையேம்பீங்க. சரி, இல்ல. ஆனா சிலியை அங்க கூட்டிட்டுப் போன தகுதிச் சுற்றுல 12 கோல் யார் போட்டது? வெனிசுலாவுக்கு எதிரா ஒரே ஆட்டத்துல அஞ்சு! 2000 சிட்னி ஒலிம்பிக்ல, 33 வயசுல, பசங்களோட பசங்களா ஓடி, வெண்கலத்துக்கான ஆட்டத்துல அமெரிக்காவுக்கு எதிரா ரெண்டு கோலையும் போட்டு, சிலிக்குக் கால்பந்துல முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிக் கொடுத்தது யாரு?

இதெல்லாம் விடுங்க, என்னை மொத்தமா சாய்ச்சது இன்டர் மிலான் கதைதான். 1998 யுஇஎஃப்ஏ கோப்பை இறுதியாட்டம், பாரிஸ், எதிர்ல லாட்சியோ, அங்கேயும் அஞ்சாவது நிமிஷத்துல கோல், முதுகுல 9-ஆம் எண், கையில கோப்பை. அடுத்த சீசன் இன்டருக்கு நட்சத்திர ஆட்டக்காரர் பாஜ்ஜோ வர்றார், 10 அவருக்குப் போகுது, 10 போட்டிருந்த பிரேசில் ரொனால்டோவுக்கு 9 போகுது, நம்மாளுக்கு 18. வேற யாரா இருந்தா மூஞ்சியைத் தூக்கிட்டு ஒரு மூலையில உட்கார்ந்திருப்பாங்க, இவர் என்ன பண்ணார் தெரியுமா, ஒண்ணுக்கும் எட்டுக்கும் நடுவுல குட்டியா ஒரு கூட்டல் குறியைப் போட்டுக்கிட்டு மைதானத்துல இறங்கிட்டார்! 1+8! கூட்டிக்கோங்கய்யா, ஒன்பது! கோபம் இல்ல, சண்டை இல்ல, ஆனா விட்டும் கொடுக்கல! கோப்பைக் கணக்கெல்லாம் மறந்தவங்களுக்கும் இந்தக் கணக்கு மறக்காது. நானும் இன்டரோட ஒரு நீலக் கறுப்பு ஜெர்சியை எடுத்துட்டு அச்சடிக்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் "குறிக்குத் தனியா காசு ஆகும் சார்"னார். எண்ணுக்கு வேணா காசு வாங்காதீங்கண்ணே, அந்தக் குறிக்கு எவ்வளவு வேணும்னாலும் கேளுங்கன்னேன்!