பொன்னாடைக்கு எட்டாத கைகள்
நூல் வடிவமைப்பாளருக்கான கௌரவம் பற்றிச் சில எண்ணங்கள்

அண்மையில் எமது பகுதியில் நடைபெறவிருந்த கௌரவிப்பு விழா ஒன்றின் அழைப்பிதழ் கைக்குக் கிடைத்தது. நல்ல தடித்த தாள். பச்சையும் பொன்னிறமும் கலந்த ஓரம். நடுவே ஒரு வளைவு. அந்த வளைவுக்குள் மலையும் தேயிலைக் கொழுந்தும் ஒன்றையொன்று நெருக்காமல் அமர்ந்திருந்தன. கீழே தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, நூல் நயவுரை, முதற்பிரதி பெறுபவர், சிறப்புப் பிரதி பெறுவோர், ஏற்புரை, நன்றியுரை என்று முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். இத்தனை பெயர்களையும் மூச்சு முட்டாமல் ஒரே பக்கத்தில் உட்கார வைப்பது இலேசான காரியமல்ல. ஏற்பாட்டாளரைத் தொலைபேசியில் அழைத்து, இதை வடிவமைத்தவர் யார் என்று கேட்டேன்.

"அது பிரஸ்ல இருக்கிற பையன் செஞ்சது சேர். ஏன், பேர் ஏதும் பிழையா வந்திருக்கா?" என்றார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. வடிவமைப்பாளரை நாம் நினைத்துக் கொள்வது பிழை நேர்ந்தால் மட்டுந்தான். பெயர் விடுபட்டால் அவனைத் தேடுவோம். எல்லாம் சரியாக இருந்தால் அவன் இல்லை.

இலக்கியக்காரரைக் கௌரவிப்பதில் நாம் கஞ்சத்தனம் காட்டுபவர்கள் அல்லர். பொன்னாடை, பட்டம், விழா மலர், பணமுடிப்பு என்று எதிலும் குறைவில்லை. அரசு தரும் கலாபூஷணம் இருக்கிறது. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2001 முதல் வாழ்நாள் சாதனைக்காக இயல் விருது வழங்கி வருகின்றது. தமிழைக் கணனியில் ஓடச் செய்தவர்களுக்கென்று சுந்தர ராமசாமியின் பெயரால் கணிமை விருதொன்றையும் அது ஏற்படுத்தியது. எழுதுபவருக்கு விருது உண்டு; எழுத்தைக் கணனிக்குள் கொண்டு சென்றவருக்கும் உண்டு. அந்த எழுத்துக்கு ஒரு முகத்தைக் கொடுத்து, தாளில் இடம் பிரித்து, அட்டை போட்டு எமது கையில் தந்தவருக்கென்று தனியாக ஓர் ஆசனம் போடப்பட்டதை நான் கண்டதில்லை. ஓவியர் என்ற பெயரில் சிலர் மேடையேறியிருக்கிறார்கள். அப்போதும் அவர்களது சட்டமிட்ட படங்கள்தாம் பேசப்பட்டன, அட்டைகள் பேசப்படவில்லை.

வேறு நாடுகளில் நிலைமை ஓரளவு வேறு. அமெரிக்காவின் வரைகலையாளர் சங்கமான ஏ.ஐ.ஜி.ஏ. 1914 இல் தொடங்கப்பட்டது. 1920 இலிருந்து அது தனது பதக்கத்தை வழங்கி வருகின்றது. தொழிலில் உள்ளவர்களே தம்மில் மூத்தோருக்குத் தரும் பதக்கம் அது. ஆயினும் அங்கும் அரசாங்கத்தின் கண் திறக்க நெடுங்காலம் சென்றது. நியூயோர்க் நகருக்காக ஓர் ஆங்கில எழுத்து, ஓர் இருதயம், பின்னர் இரண்டெழுத்து என்று சின்னமொன்றை 1977 இல் கூலி வாங்காமல் வரைந்து கொடுத்தவர் மில்ட்டன் கிளேஸர். இன்று உலகில் அந்தச் சின்னம் அச்சாகாத பனியன் கடை இல்லை. கொழும்பு நடைபாதையிலும் தொங்குகிறது. 2009 ஆம் ஆண்டுக்கான தேசிய கலைப் பதக்கம் அவருக்குக் கிடைத்தபோது, அதனைப் பெற்ற முதலாவது வரைகலையாளர் அவரே என்று சொன்னார்கள். அப்போது அவருக்கு வயது எண்பது.

எமது பக்கத்திற்கு வருவோம். சத்யஜித் ராயை அறியாதவர் எம்முள் இல்லை. 1992 இல் ஒஸ்காரும் பாரத ரத்னாவும் அவரைத் தேடி வந்தன. இரண்டும் சினிமாவுக்காக வந்தவை. அவர் 1943 இல் கல்கத்தாவின் விளம்பர நிறுவனமொன்றில் சித்திரக்காரராகச் சேர்ந்தவர் என்பதும், சிக்னெட் பதிப்பகத்தின் நூல்களுக்கு அட்டை வரைந்தவர் என்பதும், ரே ரோமன் என்னும் அவரது ஆங்கில எழுத்துரு 1971 இல் சர்வதேசப் போட்டியொன்றில் பரிசு பெற்றது என்பதும் அடிக்குறிப்பாகவே தங்கிவிட்டன. குமாயுன் காட்டின் ஆட்கொல்லிப் புலிகள் பற்றிய ஜிம் கோர்பெட்டின் நூல் வங்காளத்தில் வந்தபோது ராய் செய்த அட்டையைப் பாருங்கள். முன்புறம் புலித்தோலின் வரிகள், அதில் குண்டு நுழைந்த சிறு துவாரம். நூலைத் திருப்பினால் பின்புறம் அதே குண்டு வெளியேறிய பெரிய துவாரம். நூலைப் பற்றிய குறிப்பு அந்தத் துவாரத்துக்குள். வேட்டையாடத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், குண்டு நுழையும் வாய் சிறிது, வெளியேறும் வாய் பெரிது என்று. ஒரு நூலைக் கையில் எடுத்துத் திருப்பும் சாதாரணச் செயலையே கதையாக்கிய அட்டை இது. இதனை 'அழகான முகப்பு' என்று ஒரு வரியில் சொல்லி முடிப்பவன் விமர்சகன் அல்லன்.

தமிழில் இப்படிப் பேச வேண்டிய முதற்பெயர், என் மதிப்பில், கே.எம். ஆதிமூலம். 1938 இல் திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக உத்தியோகம் பார்த்தவர். காந்தி நூற்றாண்டான 1969 இல் அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் பேர்போனவை. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது ஆதிமூலத்தின் கோடுகளும் கூடவே வந்தன. அந்தக் கோடுகள் கதையைப் படமாகத் திருப்பிச் சொல்லவில்லை. கரிசல் மண் வெடித்துக் கிடக்கும் விதத்திலேயே மனித முகங்களும் வெடித்துக் கிடந்தன. கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் அறுந்து, மறுபடி பிடித்துக்கொண்டு போகும். கி.ரா.வின் வாக்கியமும் அப்படித்தானே போகும்?

ஆனால் நான் சொல்ல வந்தது அவரது தலைப்பெழுத்துகளைப் பற்றி. எமது ஈயெழுத்துத் தமிழ் வெகுகாலம் ஒரே உடுப்பில் நின்ற பாடசாலைப் பிள்ளைகளைப் போன்றது. எல்லாம் ஒரே பருமன், ஒரே நிமிர்வு. அதற்கு மாற்றாக ஜனரஞ்சகச் சஞ்சிகைகளில் இருந்தது நெளிவும் சுழிவும் பூக்களும் கொண்ட அலங்கார எழுத்து. ஆதிமூலம் இரண்டையும் விட்டு, தூரிகை ஓடிய வேகம் தெரியும்படியாகத் தமிழ் எழுத்தை எழுதினார். 'ழ'கரத்தின் கீழ்ச்சுழி எங்கே முடிய வேண்டும் என்பதை அச்சுவார்ப்புத் தீர்மானிக்காமல், பக்கத்து எழுத்தோடு அதற்குள்ள உறவு தீர்மானித்தது. இன்று சிற்றிதழ்களின் பெயரெழுத்துகளில் நாம் சாதாரணமாகக் காணும் சுதந்திரத்துக்கு அவர் பெரிய காரணம். 2008 ஜனவரியில் காலமானார். அஞ்சலிகள் நிறைய வந்தன. அவற்றுள் நான் வாசித்தவை ஓவியரையே போற்றின. எழுத்தை எழுதியவருக்கு ஒரு பந்தி கிடைத்ததே பெரிது.

அதே 2008 இல் இன்னொருவரும் மறைந்தார். ஆர்.கே. ஜோஷி, மும்பாய்க்காரர், எழுத்தோவியர், ஆசிரியர். விண்டோஸ் கணனியில் தமிழ் தட்டச்சுச் செய்த எவரும் 'லதா' என்ற எழுத்துருவைக் கண்டிருப்பர். அது அவரது வழிகாட்டலில் உருவானது. எமது வினாத்தாள்கள், தவணைப் பரீட்சைப் புள்ளிப் பட்டியல்கள், இடமாற்றக் கடிதங்கள் எல்லாம் 'லதா'விலும் அதற்கு முன்னர் 'பாமினி'யிலுமாக வந்தவைதாம். பாமினியைத் தெரியாத ஆசிரியர் இலங்கையில் இருக்க முடியாது. அதனை வரைந்த கையைத் தெரிந்தவர் எத்தனை பேர்?

முஸ்லிம்களாகிய எமக்கு இந்த மறதி கூடுதலான வெட்கத்தைத் தர வேண்டும். எழுத்தை வரைபவனுக்குப் பெயர் கொடுத்த மரபு எம்முடையது. உஸ்மானியர் மரபில் மாணவன் வருடக்கணக்காக ஆசிரியரின் எழுத்தைப் பார்த்து எழுதிப் பழக வேண்டும். ஈற்றில் கிடைக்கும் இஜாஸா என்பது வேறொன்றுமில்லை, தான் எழுதியதன் கீழ் 'இதனை எழுதியவர் இன்னார்' என்று ஒப்பமிடும் உரிமைதான். உரிமை கிடைக்குமுன் பெயர் போடுவது அடக்கமின்மை. கிடைத்தபின்போ அது பொறுப்பு.

இந்த மரபின் கடைசிப் பெரியவர்களுள் ஒருவர் ஹாமித் அய்தாச். 1928 இல் துருக்கி தனது எழுத்தையே மாற்றிக்கொண்டபோது அரபெழுத்துக் கலைஞரின் பிழைப்பில் மண் விழுந்தது. ஸ்தன்பூலில் எழுத்துப் பட்டறையும் அச்சுவேலையும் வைத்திருந்த ஹாமித், கலையை விடாமல் 1982 இல் இறக்கும்வரை எழுதினார். 1986 இல் ஸ்தன்பூலின் இஸ்லாமியக் கலை ஆய்வு மையமான இர்ஸிகா தனது முதலாவது சர்வதேச எழுத்தணிப் போட்டியை அவர் பெயரால்தான் நடத்தியது. பொன்னாடை அவருக்கு எட்டவில்லை, பெயர் எட்டியது.

அந்த ஹாமிதிடம் 1973 இல் இஜாஸா பெற்றவர் உஸ்மான் தாஹா. 1934 இல் சிரியாவின் அலெப்போப் பகுதியில் பிறந்தவர். 1988 இல் மதீனா மன்னர் பஹ்த் அச்சகத்தில் சேர்ந்தார். ஹாஜிமார் கொண்டுவரும் மதீனா முஸ்ஹஃப் அவரது கையெழுத்தே. 604 பக்கங்கள், பக்கத்துக்கு 15 வரிகள். ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆயத்தின் முடிவோடுதான் முடியும். பக்க ஒழுங்கு முன்னைய உஸ்மானிய எழுத்தரிடமிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் ஹிப்ழு செய்யும் பிள்ளையைக் கவனியுங்கள். ஆயத்தை மறந்து தடுமாறும்போது கண்ணை மூடி, 'வலப்பக்கத்து மேல்மூலையில் இருந்தது' என்று தேடிப் பிடிப்பான். பக்கத்தின் அமைப்பு அவனது நினைவின் அமைப்பாகிவிட்டது. வரைகலையின் வாழ்நாள் சாதனை என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையா? அந்த எழுத்தில் ஓதுவோரில் எத்தனை பேர் அந்தப் பெயரைச் சொல்வார்கள் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் அட்டை வரையும் எல்லோருக்கும் பொன்னாடை போர்த்துவோமா? அதுவும் வேண்டாம். எமது வெளியீடுகளின் அட்டைகளைச் சற்று வரிசையாக அடுக்கிப் பார்த்தால் மனம் நோகிறது. கவிதைத் தொகுதி என்றால் ரோசாப்பூவும் அஸ்தமனச் சூரியனும். சமூகக் கதை என்றால் குப்பிலாம்பு. இஸ்லாமிய நூலென்றால் எங்கிருந்தோ இறக்கிய குப்பாவும் மினாராவும். மலையகம் என்றால் கூடை சுமந்து சிரிக்கும் பெண். எந்தக் கொழுந்துக்காரி அப்படிச் சிரித்துக்கொண்டு மலையேறினாள்? தலைப்பெழுத்துக்கு நிழல், நிழலுக்கு ஒரு நிழல். இவற்றைக் குறை சொல்ல எவரும் வாய் திறவாததற்குக் காரணம், வெளியீட்டு விழாக்களில் அட்டையைப் பற்றிப் பேசுவதே மரபில்லை. குறை சொல்லத் தெரியாத இடத்தில் பாராட்டுக்கும் பெறுமதியில்லை. நல்லதைக் கெட்டதிலிருந்து பிரிக்காமல் வயதைப் பார்த்துத் தரும் கௌரவம் ஸதகா போன்றது. வாங்குபவருக்கும் அது தெரியும்.

கொட்டகலையில் என் இளமையில் பெயர்ப்பலகை எழுதும் ஒருவர் இருந்தார். சில்லறைக் கடை, கோயில் திருவிழா, பள்ளிவாசல் அறிவித்தல், தொழிற்சங்கக் கூட்டம் எல்லாம் அவர் கைதான். தேயிலைப் பெட்டிகளில் தோட்டத்தின் பெயரும் தரமும் குத்துவதற்கான தகரத் தகடும் வெட்டிக் கொடுப்பார். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒரே பலகையில் ஒன்றையொன்று மிதிக்காமல் எழுதுவார். ஆசிரியர் கலாசாலையில் கரும்பலகை எழுத்து எனக்குப் பயிற்றப்பட்டபோது, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார் விரிவுரையாளர். அதை நான் அந்தப் பலகைக்காரரிடம் முன்னரே கண்டிருந்தேன். பின்னர் பெட்டிகள் போய்த் தாள் பைகள் வந்தன. பலகை போய் டிஜிட்டல் பதாகை வந்தது. அவரது எழுத்தில் ஒன்றேனும் இன்று பஸாரில் இல்லை.

நூல்களிலும் இதுவே நடக்கிறது, அதுவும் எமது கையாலேயே. பாடசாலை நூலகத்தில் பழுதான நூல்களைக் கட்டுவதற்குக் கொடுத்தோம். எல்லாம் ஒரேமாதிரி நீலத் துணி முதுகோடு திரும்பி வந்தன. அட்டைகள் எங்கே என்று கேட்டேன். கிழித்துவிட்டுத்தானே கட்ட வேண்டும் என்றார் கட்டுபவர். அவர் தொழில் அது. ஒரு சித்திரக்காரரின் நாற்பது வருட உழைப்பு இவ்வாறு நாடெங்கும் நூலகங்களில் கிழிக்கப்பட்டிருக்கும். 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் எமது பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் அட்டையோடு மின்வருடி வைத்திருப்பதால் சில முகங்களையாவது இன்று பார்க்க முடிகின்றது. பாடசாலை நூலகப் பதிவுப் புத்தகத்திலோ ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை என்று நிரல்கள் உண்டு. அட்டை வரைந்தவருக்கு நிரல் இல்லை.

சென்ற தவணை முதல் கட்டுபவரிடம் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். கிழித்த அட்டைகளை எறியாமல் ஒரு பையில் போட்டுத் தருவார். மாணவர்கள் அவற்றை வெள்ளைத் தாளில் ஒட்டி, உள்ளே சின்ன எழுத்தில் எங்காவது 'அட்டைப்படம்' என்று இருக்கின்றதா எனத் தேடிக் கீழே எழுதுகிறார்கள். 'ரமணி' என்ற ஒப்பத்தை ஒரு பிள்ளை முதன்முதலாக மூலையில் கண்டுபிடித்து, "சேர், இந்தப் படத்துக்கும் ஆள் இருக்கு" என்று கத்தினாள். பல தாள்களில் அந்த வரி இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது.