காட்சிக் கருவியும் கதைப் புத்தகமும்

விஞ்ஞானம் நல்கிய விந்தைகளுள் மெய்நிகர்க் காட்சியும் ஒன்று. கருவியைக் கண்களின்மீது அணிந்துகொண்டு தலையை எத்திசையில் திருப்பினும், அத்திசைக் காட்சியே எதிர்நிற்கும். புதுமை கண்டு முகஞ்சுளிப்போர் கூட்டத்தில் நாம் சேர்ந்தோமல்லோம். ஆயினும், "இனிப் புத்தகம் எதற்கு?" என வினவும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை.

2015-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் வெளிவந்த ‘கிளவுட்ஸ் ஓவர் சிட்ரா’ என்னும் படத்தை அண்மையில் பார்த்தோம். சிரியாவின் போரால் வீடிழந்து, ஜோர்தான் நாட்டு ஸாத்தாரி முகாமில் வாழும் 12 வயதுச் சிறுமி தன் கதையைத் தானே சொல்லும் முறையில் அமைந்தது அது. பத்து நிமிடத்திற்குள் முடிந்துவிடும் அப்படம் நம் நெஞ்சை நெகிழ்வித்தது, மறைப்பதற்கில்லை. அதை ஆக்கியோருள் ஒருவரான கிறிஸ் மில்க், அதே ஆண்டில் ஆற்றிய சொற்பொழிவில், இக்கருவியைப் பிறர் துயரை உணர்விக்கும் இயந்திரமெனப் புகழ்ந்தார். இங்கேதான் நாம் மாறுபடுகிறோம்.

அவளருகே இருந்தோம், அவளாக இருந்தோமா? கூடாரமும் தரையும் பிள்ளைகளின் முகங்களும் ஆயத்தமாகவே வந்து சேர்ந்தன; கற்பனைக்கு வேலையில்லை. அவள் சொல்லாமல் விழுங்கியது யாதென்று எண்ணத் தொடங்குமுன் காட்சி மாறிவிட்டது. எழுத்தோ கரிய கோடுகளன்றி வேறொன்றும் தருவதில்லை. முகத்தையும் குரலையும் அறையின் இருளையும் வாசகனே தன் வாழ்விலிருந்து எடுத்துக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தவன் எளிதில் விலகிப் போக முடியாது.

அருகிருத்தலே உணர்வைத் தருமாயின், கிராணிமாரைக் காட்டிலும் தொழிலாளரை உணர்ந்தோர் இவ்வுலகில் இருத்தல் கூடாது! விடியுமுன் பெரட்டுக்களத்தில் நாற்புறமும் அவர்கள் சூழ நிற்கிறோம். கருவி எதுவும் வேண்டாத முழுக்காட்சி அது. எனினும் பல்லாண்டுகளாக நாம் கண்டவை பெயரும் வருகைக் குறியுமே. ஆங்கிலம் கற்ற செருக்கும் சிறிது உண்டு, ஒப்புக்கொள்கிறோம். வேலை நின்றுபோன ஒரு மழைநாளில், நம் தோட்ட மக்களைப் பற்றி அகிலன் எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’ நாவலைப் படித்தோம். மறுநாள் பெயர் கூப்பிடுகையில் ஓர் அம்மையாரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தோம். முன்பு வேலைக்கு வராமைக்கு அவர் சொன்ன காரணத்தை, இடைமறியாது முழுவதும் கேட்டது அன்றுதான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இக்கருவியை வாங்கித் தரவேண்டுமென்று சிலர் பேசி வருகின்றனர். தாராளமாக வாங்கட்டும், நூல்நிலையத்திற்கென ஒதுக்கிய பணத்திலிருந்து மட்டும் வேண்டாம்.