பாடி, உடல், அவர்

அப்பா இறந்த அன்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "பாடிய எப்ப எடுக்கிறீங்க?" முந்தின நாள் இரவுவரை அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அம்மா மட்டும் ஒவ்வொருவரையும் திருத்திக்கொண்டே இருந்தாள். "பாடின்னு சொல்லாதீங்க. அவர எப்ப எடுக்கிறாங்கன்னு கேளுங்க." எனக்குச் சங்கடமாக இருந்தது. துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து மணிமேகலையை மறுபடி வாசித்தபோது சிறைவிடு காதையில் நின்றுவிட்டேன். மகன் உதயகுமரனை இழந்த இராசமாதேவியிடம் மணிமேகலை கேட்கிறாள்: நீ அழுதது அவன் உடலுக்கா, உயிருக்கா? உடலுக்கென்றால் அதைக் கொண்டுபோய்ச் சுடுகாட்டில் இட்டது யார்? உயிருக்கென்றால் அது வினைவழியே எங்கே போய்ப் புகுந்தது என்று உன்னால் அறிய முடியாது. அந்த உயிர்மேல்தான் அன்பு என்றால் எல்லா உயிருக்காகவும் நீ இரங்க வேண்டும்.

கல்லூரிக் காலத்தில் இதை அபாரமான தர்க்கம் என்று ரசித்தவன்தான். இந்த முறை கோபம் வந்தது. அம்மாவிடம் யாராவது இப்படிக் கேட்டால் என்ன சொல்வாள்? ரெண்டுக்கும் இல்ல, அவருக்குத்தான் அழுதேன் என்பாள்.

அந்த 'அவர்' யார் என்பதை யோசிக்க எனக்கு உதவியது ஃபினாமினாலஜி எனப்படும் நிகழ்வியல். ஜெர்மன் மொழியில் உடலுக்கு இரண்டு சொற்கள் உண்டு. ஹுஸ்ஸெர்ல் அவற்றைப் பிரித்துக் காட்டினார். 'கோர்ப்பர்' என்பது எடைபோட்டு அளக்கக்கூடிய பொருள். 'லைப்' என்பது நாம் உள்ளிருந்து வாழும் உடல். தொடுவதும் தொடப்படுவதும் அதுதான். இதை இன்னும் விரித்துக்கொண்டு போனவர் மெர்லோ-போந்தி. 1945இல் வெளிவந்த 'புலனறிவின் நிகழ்வியல்' நூலில், கையை இழந்தவருக்கு அந்தக் கை இன்னும் இருப்பதாகவே தோன்றுவதைப் பற்றிப் பேசுகிறார். அந்த இடத்தில் இறந்துபோன நண்பரையும் நினைவுபடுத்துகிறார். நண்பரின் பதிலை எதிர்பார்த்து, அது இனி வராது என்று உணரும்போதுதான் அவர் இல்லாதது நமக்குப் புரிகிறது. மேட்ச் முடிந்ததும் போனை எடுத்து அப்பா நம்பரைத் தேடியிருக்கிறேன். அப்போது நான் தேடியது உடலையும் அல்ல, உயிரையும் அல்ல.

அப்படியென்றால் மணிமேகலையின் கேள்வியே தவறா? அப்படித்தான் கொஞ்ச நாள் நினைத்தேன். பிறகு இரண்டு காதைகள் பின்னால் போய்ப் பார்த்தேன். உதயகுமரன் வெட்டுண்டு கிடக்கும்போது கதறி அழுது அவன் உடலை நோக்கிப் போகிறவள் இதே மணிமேகலைதான். முற்பிறப்பில் அவன் அவளுடைய கணவன். கிட்டே போகாதே என்று கந்திற்பாவை தடுக்க வேண்டியிருக்கிறது. ஆக, அவள் இந்தக் கேள்வியை மேட்டில் நின்றுகொண்டு கேட்கவில்லை. அழுத கண்ணோடு முதலில் தன்னிடம் கேட்டுக்கொண்ட கேள்வியாகத்தான் இதை இப்போது வாசிக்கிறேன். எதிரில் நிற்பதும் வெறும் தாய் அல்ல. மகன் சாவுக்குப் பழிவாங்க மணிமேகலைக்குப் பித்துப்பிடிக்க மருந்து கொடுத்தவள், அவளிடம் ஓர் இளைஞனை ஏவியவள், பட்டினி போட்டு அடைத்தவள். 'என் மகன்' என்ற துக்கம் அங்கே சித்திரவதையாக மாறியிருக்கிறது.

இங்கேதான் பௌத்தமும் நிகழ்வியலும் பிரிகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்வது சுலபம். ஹுஸ்ஸெர்லே 1925இல் புத்தரின் உரைகளுடைய ஜெர்மன் மொழிபெயர்ப்பைப் பாராட்டி ஒரு சிறு மதிப்புரை எழுதியிருக்கிறார். இரண்டுமே வானத்திலிருந்து தொடங்காமல் அனுபவத்திலிருந்து தொடங்குகின்றன, சரி. ஆனால் 'என்னுடையது' என்பது அனுபவத்தில் எப்படி உருவாகிறது என்று நிகழ்வியல் விவரிக்கிறது. பௌத்தம் அந்த முடிச்சைத் தளர்த்தச் சொல்கிறது. மணிமேகலையின் கடைசிக் காதை மனிதனை உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று ஐந்து கந்தங்களாகப் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் நிலையான உயிர் என்று தனியாக ஒன்றுக்கு இடமே இல்லை. அதனால் உடலா உயிரா என்பது அவளுடைய முடிவு அல்ல, அரசியை மூன்றாவது வாக்கியத்துக்குக் கூட்டிப்போகும் படி. அழாதே என்று அவள் சொல்லவே இல்லை. அழுகையை அகலமாக்கு என்கிறாள்.

போன மாதம் எங்கள் தெருக்கோடியில் ஒரு சாவு. புதிதாகக் குடிவந்தவர்கள். அம்மா போய் ரொம்ப நேரம் அழுதுவிட்டு வந்தாள்.

"அவங்க யாருன்னே உனக்குத் தெரியாதேம்மா?"

"தெரிஞ்சாத்தான் அழணுமா?"

அங்கே அவள் அவர்களுக்காக அழுதாளா, அப்பாவுக்காக அழுதாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.